மருந்து ஊற்றியும் குளத்தில் மீன் பேன் திரும்ப வருவது ஏன்?

நார்வே, ஸ்காட்லாந்து கடல் பண்ணைகளில் தலைத்தோல் உரிந்து சதை தெரிய நீந்தும் சால்மன் மீன்களின் படங்கள் கைபேசிகளில் அவ்வப்போது சுற்றுகின்றன. கோடையில் குமரி மாவட்டக் குளங்களில் வலை இழுத்தால் ரோகு, மிர்கால் உடம்பிலும் சிவப்புப் புள்ளிகளும் தட்டையான பூச்சிகளும் தென்படுகின்றன. இரண்டையும் பார்த்தவர்கள் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். அங்கே உள்ள நோய் இங்கேயும் வந்துவிட்டதா? அந்த மீனைச் சாப்பிடலாமா? மருந்து ஊற்றியதும் தெளிந்த குளம் அடுத்த மாதமே பழையபடி ஆகிவிடுகிறதே, எதனால்?

முதல் இரண்டுக்கும் பதில் சுருக்கமானது. அங்கே உள்ளது வேறு, இங்கே உள்ளது வேறு. மீனைச் சாப்பிடலாம், ஆனால் மருந்து ஊற்றிய குளம் என்றால் ஒரு நிபந்தனை உண்டு. மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பேனை மீனின் நோயாக மட்டும் பார்ப்பதால்தான் மருந்து தோற்கிறது. அது குளத்தின் நோய். இன்னும் சரியாகச் சொன்னால், ஒரே சானலில், அதாவது பாசனக் கால்வாயில், தண்ணீர் வாங்கும் எல்லாக் குளங்களுக்கும் சேர்ந்து வரும் நோய்.

எது எந்தப் பூச்சி

1. சால்மன் பேன். இதன் அறிவியல் பெயர் லெப்பியோப்தீரஸ் சால்மோனிஸ். வட கடல்களில் சால்மன், டிரவுட் இன மீன்களின் தோலையும் சளிப்படலத்தையும் இரத்தத்தையும் தின்று வாழ்கிறது. வளர்ந்த பெண் பேன் ஒரு சென்டிமீட்டர் அளவு இருக்கும். கடல் நீரில் மட்டுமே வாழும், நல்ல தண்ணீரில் நிலைக்காது. சிலி நாட்டுப் பண்ணைகளில் தொல்லை தருவது காலிகஸ் என்ற அதன் உறவுக்கார இனம்.

2. குளத்து மீன் பேன். இது ஆர்குலஸ். இந்தியக் கெண்டைக் குளங்களில் அதிகம் காணப்படுவது ஆர்குலஸ் சயாமென்சிஸ், ஆர்குலஸ் ஜப்பானிகஸ் என்ற இனங்கள். வட்டமாக, தட்டையாக, ஏறக்குறைய கண்ணாடி போல ஒளி ஊடுருவும் உடம்பு. பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

3. கடல் மீனின் செவுளிலும் வாயிலும் இருக்கும் வெள்ளைப் பூச்சி. அயிலையை அரியும்போது செவுளுக்குள் மரவட்டை போல மடிந்து கிடப்பது இதுதான். இது ஐசோபாட் என்ற வகை. குளத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கையோடு எடுத்து எறிந்துவிட்டு மீனைக் குழம்பு வைக்கலாம்.

பேன் என்றும் பூச்சி என்றும் சொன்னாலும் மூன்றும் இறால், நண்டு வகையறா. ஓடு உள்ள நீர்வாழ் உயிர்கள். பேனைக் கொல்லும் மருந்து இறாலையும் கொல்லும் என்பதற்குக் காரணம் இந்த உறவு. குளத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாமல் மிதக்கும் நுண்ணுயிர்களில் பலவும் இதே வகையறாதான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வருகிறது.

டிரவுட் மீனைப் பொறுத்தவரை ஒரு சுவாரசியம் உண்டு. அது கடல் பண்ணையில் வளர்ந்தால் சால்மன் பேன் ஏறும், நன்னீர் ஏரியில் வளர்ந்தால் ஆர்குலஸ் ஏறும். பிரிட்டனில் தூண்டில்காரர்களுக்காக டிரவுட் வளர்க்கும் ஏரிகளுக்கு ஆர்குலஸ் நெடுநாள் தலைவலி. அவர்கள் கண்டுபிடித்த ஒரு வழி நம் குளத்துக்கும் பொருந்துகிறது. டிரவுட் குளிர்ந்த தண்ணீர் மீன். தமிழ்நாட்டில் நீலகிரி போன்ற குளிர்ந்த மலை உயரங்களில்தான் அது பிழைக்கும். குமரியில் அதற்கு இடமில்லை.

மீனுக்கு என்ன ஆகிறது

வலையில் வந்த ரோகுவை ஈரக்கையால் பிடித்து வெயிலுக்குச் சாய்த்துப் பாருங்கள். துடுப்பின் அடிப்பகுதி, வயிற்றோரம், செவுள் மூடியின் பின்புறம் ஆகிய இடங்களில் பச்சை கலந்த சிறு வட்டம் ஒன்று வழுக்கிக்கொண்டு நகரும். அதில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவை கண்கள். நகத்தால் தள்ளினால் எளிதில் வராது. அடியில் உள்ள இரண்டு உறிஞ்சு கிண்ணங்களால் ஒட்டிப் பிடித்திருக்கும். ஊசி போன்ற உறுப்பைத் தோலில் குத்தி, திசுவைக் கரைக்கும் திரவத்தைச் செலுத்தி, கரைந்ததையும் இரத்தத்தையும் உறிஞ்சும்.

ஒன்றிரண்டு பேன் இருந்தால் பெரிய மீன் தாங்கிக்கொள்ளும். எண்ணிக்கை கூடும்போது மீன் கல்லிலும் கரையிலும் உடம்பை உரசும், காரணமில்லாமல் துள்ளும், தீவனம் எடுக்காது. எடை ஏறாமல் நின்றுவிடும். குஞ்சுகளில் சாவே நேரும். பேனைவிடப் பெரிய ஆபத்து அது விட்டுப்போகும் துளை. அந்தக் காயத்தின் வழியே ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாவும் பூஞ்சையும் நுழைந்து புண்ணாகிறது. பிறகு மீன் சாகும்போது எல்லோரும் புண்ணுக்கு மருந்து தேடுகிறார்கள், தொடங்கி வைத்த பேனை மறந்துவிடுகிறார்கள்.

கெண்டைகளில் ரோகுவுக்குத்தான் இது மிகுதியாக ஏறுகிறது. ரோகுவையும் ஆர்குலஸையும் வைத்து புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்து வருகிறது. கட்லாவுக்கும் மிர்காலுக்கும் ஏறாது என்றல்ல, குறைவு.

முட்டை எங்கே இருக்கிறது

மருந்து ஏன் தோற்கிறது என்பதற்கான விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது.

சால்மன் பேனின் பெண், முட்டைகளை இரண்டு நீளச் சரங்களாகத் தன் வாலோடு சுமந்து திரிகிறது. சரத்துக்கு நூற்றுக்கணக்கில் முட்டை. மீனிலிருந்து பெண்ணை அகற்றினால் அந்தச் சரங்களும் அதோடு போகும். நார்வேயில் மீனைப் பிடித்துப் பேனை எண்ணும்போது வரம்பு வைப்பதும் வளர்ந்த பெண் பேனுக்குத்தான்.

ஆர்குலஸ் அப்படி இல்லை. பெண் பேன் முட்டையிடும் நேரம் வந்தால் மீனை விட்டு இறங்கி நீந்திப் போகிறது. மடைக் கல், படித்துறை, ஊன்றிய கம்பு, தாமரைத் தண்டு என்று கெட்டியாக எது கிடைத்தாலும் அதில் வரிசை வரிசையாக முட்டைகளை ஒட்டிவிட்டு, மறுபடி ஒரு மீனைத் தேடி ஏறிக்கொள்கிறது. இப்படிப் பலமுறை செய்யும். கோடையில் தண்ணீர் வற்றும்போது மடையோரக் கல் ஒன்றைப் புரட்டினால் அடிப்பக்கம் மங்கிய மஞ்சளில், கடுகைவிடச் சிறிய மணிகள் பசை பூசியது போல வரிசையாக ஒட்டியிருப்பதைக் காணலாம். நகத்தால் சுரண்டினால் மட்டுமே பெயரும்.

அந்தப் பசையும் முட்டையின் ஓடும் மருந்தை உள்ளே விடுவதில்லை. குளத்து வெப்பநிலையான 28 டிகிரி அளவில் சுமார் இரண்டு வாரத்தில் முட்டை பொரிகிறது. எல்லாம் ஒரே நாளில் பொரிவதும் இல்லை. பொரிந்த குஞ்சு உடனே மீனில் ஏறத் தெரிந்தே பிறக்கிறது, நடுவில் நத்தையோ புழுவோ வேண்டியதில்லை. ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் அதுவும் முட்டையிடத் தொடங்கிவிடும். ஆக, ஒரே தடவை மருந்து ஊற்றினால் அன்றைக்கு மீன் மேல் இருந்தவை சாகின்றன, கல்லில் இருந்தவை காத்திருக்கின்றன. மாதம் திரும்புவதற்குள் குளம் பழையபடி ஆவது இப்படித்தான்.

நார்வே கற்றுக்கொண்ட பாடம்

பணமும் ஆய்வகமும் சட்டமும் இருக்கும் நாட்டிலும் பேனை ஒழிக்க முடியவில்லை. கட்டுக்குள் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர்கள் போன பாதையைத் தெரிந்துகொள்வது நமக்கு லாபம், ஏனென்றால் அவர்கள் முதலில் செய்ததைத்தான் நாம் இப்போது செய்துகொண்டிருக்கிறோம்.

தொடக்கத்தில் ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள். அவை பலிக்காமல் போனபோது பைரெத்ராய்டு, அதாவது சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை. பிறகு தீவனத்தில் கலந்து கொடுக்கும் எமாமெக்டின் பென்சோயேட். இடையே ஹைட்ரஜன் பெராக்சைடு குளியல். ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வேலை செய்தது. அதே மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டதில், தாங்கிப் பிழைத்த பேன்களின் வாரிசுகளே கடலில் மிஞ்சின. 2010-களின் நடுப்பகுதிக்குப் பிறகு நார்வே மருந்தைப் பெரிதும் குறைத்துக்கொண்டு வேறு வழிகளுக்குப் போனது. பேனைக் கொத்தித் தின்னும் சிறு மீன்களைக் கூண்டில் விடுவது, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவது, மீனை அரை நிமிடம் வெந்நீரில் விட்டு எடுப்பது, லேசரால் சுடுவதுகூட.

அந்த வெந்நீரின் சூடு 28 முதல் 34 டிகிரி வரை. நம் குளத்துக் கோடைத் தண்ணீரே அவ்வளவு சூடு! நார்வேப் பேன் விழுந்து சாகிற வெப்பத்தில் நம் ஊர்ப் பேன் குடும்பம் நடத்துகிறது. அங்குள்ள கருவிகளை அப்படியே இங்கே இறக்க முடியாது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

இறக்குமதி செய்யத் தக்கது அவர்களுடைய ஏற்பாடு. அதில் கவனிக்க வேண்டியவை:

1. வரம்பு. மீனுக்குச் சராசரியாக 0.5 வளர்ந்த பெண் பேன் என்பதே உச்சம். வசந்த காலத்தில் ஆற்றிலிருந்து காட்டு சால்மன் குஞ்சுகள் கடலுக்கு இறங்கும் சில வாரங்களுக்கு 0.2. சின்னக் குஞ்சைக் கொல்லப் பத்துப் பதினைந்து பேன் போதும் என்பதால் இந்தக் கெடுபிடி.

2. எண்ணிக்கை. பண்ணைகள் பேனை எண்ணி வாரந்தோறும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கணக்கு ஊரறியக் கிடக்கும்.

3. வட்டாரப் பொறுப்பு. 2017 முதல் கடற்கரையை 13 வட்டாரங்களாகப் பிரித்துப் போக்குவரத்து விளக்கு போல நிறம் கொடுக்கிறார்கள். சிவப்பு விழுந்த வட்டாரத்தில் உற்பத்தி அளவை 6 சதவீதம் குறைக்கலாம், பச்சை என்றால் 6 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். பேன் குஞ்சு நீரோட்டத்தில் பல கிலோமீட்டர் போகும், ஆகவே ஒரு பண்ணை மட்டும் ஒழுங்காக இருந்து பயனில்லை என்று அவர்கள் ஒத்துக்கொண்டதன் விளைவு அது.

குளத்தில் பூச்சிமருந்து கலந்தால்

இங்கே நடைமுறையில் நடப்பது என்ன? வயலுக்கு அடிக்கும் சைபர்மெத்ரின் புட்டியை வாங்கிக் குளத்தில் ஊற்றுவது. இதில் மூன்று தவறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன.

முதலாவது, வீரியம். கடையில் 10 சதவீதமும் இருக்கிறது, 25 சதவீதமும் இருக்கிறது. போன தடவை ஊற்றிய அதே மூடி அளவை வேறு புட்டியிலிருந்து ஊற்றினால் இரண்டரை மடங்கு விஷம். பைரெத்ராய்டுகள் மீனுக்கே கடும் நஞ்சு. பேனைக் கொல்லும் அளவுக்கும் மீனைக் கொல்லும் அளவுக்கும் இடைவெளி பெரிதல்ல.

இரண்டாவது, கொள்ளளவு. ஒரு ஏக்கர் பரப்பில் சராசரி ஒரு மீட்டர் ஆழம் என்றால் தண்ணீர் சுமார் 40 லட்சம் லிட்டர். நவம்பரில் இரண்டு மீட்டர் நின்ற குளத்துக்குப் போட்ட கணக்கை, ஏப்ரலில் ஒரு மீட்டராக இறங்கிய பிறகும் அப்படியே போட்டால் செறிவு இரட்டிப்பு. ஆழம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதும் இல்லை, பரப்பும் சுருங்கியிருக்கும். கம்பு ஊன்றி நாலைந்து இடங்களில் அளக்காமல் போடும் எந்தக் கணக்கும் ஊகம்தான்.

மூன்றாவது தவறு மெதுவாகத் தெரியும். பேனோடு சேர்ந்து குளத்து நுண்மிதவை உயிர்களும் சாகின்றன. கட்லாவின் சாப்பாடே அவைதான். அவை போனதும் கட்லா மெலிகிறது. அவை தின்று மட்டுப்படுத்தி வைத்திருந்த பச்சைப் பாசி பெருகித் தண்ணீர் கொழகொழவென்று பச்சையாகிறது. இரவில் பாசியும் உயிர்வளியை எடுத்துக்கொள்வதால், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. பேனுக்கு மருந்து ஊற்றியவர் இரண்டு வாரம் கழித்து மூச்சுத்திணறி மிதக்கும் மீனைப் பார்த்து, தண்ணீரில் யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுவதும் நடக்கிறது.

இதோடு, பாசனக் குளம் குத்தகைக்காரருக்கு மட்டும் உரியதல்ல. அதில் ஆள் குளிக்கிறது, மாடு இறங்குகிறது, தாமரை பறிக்கிறார்கள், பறவை மேய்கிறது. சுசீந்திரம்-தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. அத்தகைய நீர்நிலையில் வயல் மருந்தைக் கொட்டுவதை மீன்வளர்ப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

சானல் வழியே வரும் பேன்

மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள். அவற்றில் பெரும்பகுதி தனித்தனிக் குட்டைகள் அல்ல. 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணையும், பின்னால் வந்த பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளும் தரும் தண்ணீர், தோவாளை சானல், அனந்தனாறு சானல், நாஞ்சில் புத்தனாறு சானல், பட்டணங்கால் என்று பிரிந்து குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போகிறது. மேல்குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து கீழ்க்குளத்துக்கு. இந்தத் தண்ணீரோடு மீனும் போகும், மீன் மேல் பேனும் போகும், முட்டையிலிருந்து அன்று பொரிந்த குஞ்சும் போகும். மேல்குளத்தில் பேன் இருக்கும்வரை கீழ்க்குளத்தில் ஊற்றும் மருந்து காசுக்குக் கேடு.

வேறு வழிகளும் உண்டு. பாலித்தீன் பையில் வரும் மீன்குஞ்சு ஒன்று. வலை இன்னொன்று. காலையில் ஒரு குளம், மதியம் இன்னொரு குளம் என்று ஈர வலையோடு போகும் கோஷ்டி பேனையும் சுமந்து போகிறது.

தண்ணீர் நாட்காட்டியில்தான் நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் கன்னிப்பூ என்ற முதல் போக நெல் சாகுபடிக்கு அணை திறக்கும். இரண்டாம் போகமான கும்பப்பூ முடிந்து பிப்ரவரி கடைசியில் அடைக்கும். மார்ச் முதல் மே வரை சானல் காய்ந்து கிடக்கும். அப்போது குளங்களுக்கு இடையே உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. தண்ணீர் இறங்கி மீன் நெருக்கமாவதால் பேன் உச்சத்துக்குப் போவதும் இந்த மாதங்களில்தான், கல்லும் கரையும் வெளியே தெரிவதும் இந்த மாதங்களில்தான்.

எதை முதலில் செய்வது

1. காயப்போடுவது. வற்றக்கூடிய குளமானால் மீனை முழுதாகப் பிடித்துவிட்டு, சேறு வெடிக்கும்வரை காயவிட்டுச் சுண்ணாம்பு இட வேண்டும். வெயிலில் நன்றாகக் காய்ந்த முட்டை பொரியாது. ஓரத்தில் குட்டையாகத் தேங்கிய தண்ணீரில் நாலு மீன் மிஞ்சினாலும் வேலை வீண். குமரியில் ஏப்ரல், மே மாதங்களில் கோடைமழை பெய்துவிடும் என்பதால் மார்ச்சைத் தவறவிடக் கூடாது.

2. வற்றாத குளத்துக்குப் பலகை. பிரிட்டிஷ் டிரவுட் ஏரிகளில் கைக்கொண்ட வழி இது. பெண் பேனுக்குக் கெட்டியான பரப்பு வேண்டும், அதை நாமே கொடுத்துவிடுவது. பழைய பலகை, பிளந்த மூங்கில் போன்றவற்றைக் கயிற்றில் கட்டிக் குளத்தின் பல இடங்களில், வெவ்வேறு ஆழங்களில் தொங்கவிட வேண்டும். முட்டை பொரிய இரண்டு வாரம் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை வெளியே எடுத்து, முட்டையைச் சுரண்டி, இரண்டு நாள் வெயிலில் போட்டுவிட்டுத் திரும்ப இறக்கலாம். இரண்டு செட் வைத்துக்கொண்டால் ஒன்று காயும்போது மற்றது தண்ணீரில் இருக்கும். எடுக்க மறந்தால் பேனுக்கு நாமே பிரசவ அறை கட்டிக்கொடுத்ததாக ஆகும். சொரசொரப்பான கல்லும் கம்பும் குறைவாக உள்ள குளத்தில் இது நன்றாக வேலை செய்யும், தாமரை அடைத்த குளத்தில் பலன் குறையும்.

3. புதுக் குஞ்சு. பை பையாக விடுவதற்கு முன் சிலவற்றை வெள்ளைப் பாத்திரத்தில் எடுத்துப் பார்ப்பது, பைத் தண்ணீரைக் குளத்தில் கொட்டாமல் இருப்பது. வலையையும் உலர்த்திவிட்டே அடுத்த குளத்தில் இறக்க வேண்டும்.

4. பேன் ஏறியிருக்கும்போது ரோகுவை முதலில் பிடித்து விற்றுவிடுவது. நெருக்கம் குறைந்தாலே பேனின் வேகம் குறையும்.

5. மருந்து, கடைசியாக. எந்த மருந்து, எவ்வளவு என்பதை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திலோ தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலோ பேனைக் காட்டிக் கேட்க வேண்டும். ஒன்றைப் புரிந்துகொண்டு கேட்டால் போதும்: இரண்டாவது தடவை, முதல் தடவைக்குத் தப்பிய முட்டைகள் பொரிந்த பிறகும், அந்தக் குஞ்சுகள் முட்டையிடத் தொடங்கும் முன்பும் விழ வேண்டும். முட்டைகள் விட்டுவிட்டுப் பொரிவதால் மூன்றாவது தடவையும் தேவைப்படலாம். நடுவில் நிறுத்துவதைவிடத் தொடங்காமலே இருக்கலாம்.

மருந்துக்குப் பிறகு சொல்லப்பட்ட காத்திருப்புக் காலம் முடியும்வரை மீனை விற்கக் கூடாது. தொடக்கத்தில் சொன்ன நிபந்தனை இதுதான். பேனோ அதன் தழும்போ சாப்பிடுகிறவருக்குத் தீங்கு செய்யாது. கழுவிச் சமைத்தால் அதில் ஒன்றும் இல்லை. கவலைப்பட வேண்டியது மீனில் தங்கிய மருந்தைப் பற்றி.

குத்தகையில் உள்ள முடிச்சு

இவ்வளவும் தெரிந்தும் ஏன் நடப்பதில்லை என்றால், மீன்பாசி குத்தகை, அதாவது குளத்தில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை, எடுத்தவருக்குக் குளம் சொந்தமில்லை. குத்தகை முடியும் கோடையில் குளத்தைக் காயப்போட்டுச் சுண்ணாம்பு இட்டால் பலன் அடுத்து ஏலம் எடுப்பவருக்கு. செலவு இவருக்கு. மருந்துப் புட்டி அப்படி இல்லை, இந்த மாதச் சந்தைக்கு மீனைத் தேற்றிக் கொடுத்துவிடும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கு அவரை அங்கேதான் தள்ளுகிறது.

அணை அடைக்கும் மாதம் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்ததுதான். ஒரே சானலில் உள்ள குளங்களின் குத்தகைக்காரர்களும் பாசனச் சங்கங்களும் ஜனவரியிலேயே கூடி, எந்தக் குளம் எப்போது வலை இழுக்கும், எது வற்றும், எதற்குப் பலகை என்று மேலிருந்து கீழாக முடிவு செய்துகொள்ள எந்தச் சட்டமும் தடையில்லை. ஏல நிபந்தனையில் ஒரு வரி சேர்க்கும் அதிகாரம் குளத்தை ஏலம் விடும் அலுவலகத்துக்கு உண்டு: கடைசிப் பிடிப்புக்குப் பின் குளத்தைக் காயப்போட்டுச் சுண்ணாம்பு இட்டு ஒப்படைத்தால் குத்தகைத் தொகையில் இவ்வளவு கழிவு என்று.